பாதியில் நின்ற குன்றத்தூர்

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கத்து அடுக்குமாடிகளில் யூனிஸை நேரில் பார்த்தவர்கள் குறைவு. அவள் குரலைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. சம்ப்பில் தண்ணீர் வற்றிவிட்டால் ஜனங்கள் முதலில் போன் செய்வது அவளுக்குத்தான். அவள் கணவன் ஜெரோம் தண்ணீர் லாரி ஓட்டினான். யாருக்கு முதல் லோடு, யாரை மதியம்வரை இழுத்தடிக்கலாம் என்பதையெல்லாம் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி அவள் முடிவு செய்தாள். கரண்டி ஒரு கையில், போன் ஒரு கையில்.

"வந்துகினே கீது சார். பம்மல் சிக்னலாண்ட நிக்கிறாரு. இன்னும்..."

பேச்சு அத்தோடு நின்றுவிடும். எதிர்முனையில் தோத்தாத்ரி காத்திருப்பார். அவர் குன்றத்தூர் சாலையில் ஒரு குடியிருப்பின் செயலாளர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். புதிதில் 'ஹலோ ஹலோ' என்று கத்தியவர்தான். பழகிவிட்டது.

"ஏரோப்ளேன் போயிடுத்தா?"

"போயிச்சு சார். இன்னும் பத்து நிமிசத்துல லாரி உங்க வாசல்ல நிக்கும்."

"பத்து நிமிஷம்னு நேத்திக்கும் சொன்னேள்."

"அது நேத்து பத்து நிமிசம் சார். இது இன்னிக்கி பத்து நிமிசம்."

பொழிச்சலூர் மொட்டைமாடிகளுக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ இறங்கும். காற்று திரும்பிவிட்டால் அதே வழியாக ஏறும். பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயைத் திறந்தது திறந்தபடி நிறுத்துவார்கள். இரைச்சல் கடந்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார்கள். குழாயடிச் சண்டைகூட அப்படித்தான் நடக்கும். இடுப்பில் கைவைத்து இரண்டு பேரும் காத்திருந்து, வால் பகுதி கண்ணுக்கு மறைந்ததும் அதே வசவை அதே சூட்டோடு எடுப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. இப்படிச் செய்கிறோம் என்பதும் யாருக்கும் தெரியாது.

யூனிஸின் கல்யாணத்தில் போதகர், "இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா" என்று கேட்டு முடித்த நேரம் பார்த்து ஒரு பெரிய விமானம் வந்தது. 'சம்மதம்' என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். தெற்கே நாசரேத்திலிருந்து வந்திருந்த சித்தி, பெண்ணுக்கு இஷ்டமில்லையோ என்று பதறி எழுந்தேவிட்டாள். மாப்பிள்ளை பதறவில்லை. அவனும் பொழிச்சலூர்க்காரன். சத்தத்தை வைத்து அது எந்தக் கம்பெனி விமானம் என்று கண்டுபிடிக்க, சர்ச் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஜெரோம்தான் போன கோடையில் ஒருநாள் முற்பகலில் லாரி மேலிருந்து விழுந்தான்.

தோத்தாத்ரியின் குடியிருப்பு வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, மூடி சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்கத் தொட்டியின் மேல் ஏறியிருந்தான். காதில் போன். "ஏ யூனிஸு, அந்த..." என்று ஆரம்பித்தான். விமானம் வந்தது. அவன் நிறுத்தினான், இவளும் காத்திருந்தாள். விமானம் போன பிறகும் அந்தப் பக்கம் பேச்சில்லை. பின்னாலேயே இன்னொன்று வருகிறது போல என்று மேலும் கொஞ்சம் காத்திருந்தாள். "சொல்லுங்க" என்றாள். "ஏங்க" என்றாள். பிறகு யாரோ போனை எடுத்து, "அக்கா, டிரைவர் அண்ணன் மேல இருந்து வுயுந்துட்டாரு" என்றார்கள்.

இதை அவள் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. "பேசிகினே இருந்தாரு, சத்தம் நின்னுபோச்சு" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னாள். விமானத்தைச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. நடந்ததைச் சொல்லும்போது நடுவில் கண் இமைத்ததை யார் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒற்றைச் சொல் மட்டும் அவளுக்குள் கிடந்தது. 'அந்த' என்றானே, எந்த?

மூளைக்கு வெளியே உறைந்திருந்த ரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூச்சை மெஷின் பார்த்துக்கொண்டது. வாய் வழியாகப் போட்ட குழாயை நெடுநாள் வைத்திருக்கக்கூடாது என்று கழுத்தில், குரல்வளைக்குக் கீழே ஒரு துளை போட்டு அங்கே வேறு குழாயைச் சொருகினார்கள். வாரங்கள் போயின. ஜெரோம் கண் திறந்தான், ஆளைப் பார்த்தான், மகள் சினேகாவின் விரலைப் பிடித்தான். மெஷினையும் கழற்றினார்கள். கழுத்துக் குழாய் மட்டும் போகவில்லை. எச்சிலை விழுங்கவும் சளியை இருமித் தள்ளவும் தெம்பு வரும்வரை அது இருக்க வேண்டும் என்றார்கள். அந்தத் தெம்பை வரவழைக்க பம்மலுக்கு அப்பால் ஒரு மையத்தில் சேர்க்கச் சொன்னார்கள். மறுவாழ்வு மையம் என்று பெரிய போர்டு.

போர்டைப் பார்த்துவிட்டு முதலில் வந்தது எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரி.

"இன்னா யூனிஸு, உன் ஊட்டுக்காரரு பீடிகூட தொட மாட்டாருன்னு சொல்லிகினு இருந்த. இப்ப குடிய நிறுத்துற எடத்துல சேத்துக்கிறியாமே."

"ஆமாக்கா. இருபது வருசமா லாரில ரொப்புன தண்ணி. இப்பதான் ஏறிச்சு."

சாமுண்டீஸ்வரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். யூனிஸ் சிரித்தாள். இந்த ஆள் எழுந்து வருவான் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை, அதை மையத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்க அங்கே நித்யஸ்ரீ என்ற இளம்பெண் இருந்தாள். கும்பகோணத்துப் பெண், சேலையூரில் அறை எடுத்துத் தங்கி தினமும் ஸ்கூட்டியில் வருவாள். கழுத்துக் குழாயை எப்படி எடுப்பார்கள் என்று அவள்தான் யூனிஸுக்குப் பொறுமையாகச் சொன்னாள். குழாயைச் சுற்றி உள்ளே ஒரு சின்ன பலூன் இருக்கிறது, முதலில் அதன் காற்றை இறக்குவோம். அப்புறம் குழாய் வாயில் ஒருவழி மூடி மாட்டுவோம். மூச்சு குழாய் வழியாக உள்ளே போகும், வாய் வழியாக வெளியே வரும், அப்போது குரல் வரும். அது பழகினால் சிவப்பு மூடி போட்டுக் குழாயை முழுசாக அடைத்துவிடுவோம். முதலில் கொஞ்ச நேரம், அப்புறம் பகல் முழுக்க, அப்புறம் ராத்திரியும். மூக்கால் மட்டும் மூச்சு விட்டு, சளியைத் தானே இருமித் தள்ளி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாமல் இருந்தால், எடுத்துவிடலாம்.

"அதாவது, வால்வ ஒரே அடியா மூடிட்டா பைப்பு வெடிச்சிரும். கொஞ்சம் கொஞ்சமா மூடிப் பாக்கணும்" என்றாள் யூனிஸ்.

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க்கா."

"அப்ப சரி. இது அவரு வேலதான். அவருக்குப் புரியும்."

ஒருவழி மூடியை மாட்டிய அன்று, ஜெரோமின் கழுத்திலிருந்து முதலில் சளிதான் தெறித்தது. துடைத்தார்கள். திரும்ப மாட்டினார்கள். உதடு நடுங்கி, மண் ரோட்டில் டயர் அரைபடுவதுபோல ஒரு குரல் வந்தது.

"லாரி?"

"லாரி நல்லா கீது" என்றாள் யூனிஸ். கையில் பிடித்திருந்த துண்டை அவள் தன் முகத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். "ஓட்டத்தான் ஆளில்ல. சீக்கிரம் வாங்க."

அதன் பிறகு எல்லாம் சரியாகத்தான் போனது. சிவப்பு மூடியைப் பகலில் பாதி நேரம் தாங்கினான். கஞ்சியை இருமாமல் விழுங்கினான். அப்போதுதான் நித்யஸ்ரீ ஒரு விஷயத்தைக் கவனித்தாள்.

பயிற்சி அறை ஏசி அறை, கண்ணாடி ஜன்னல் சாத்தியிருக்கும். தண்ணீர் கொண்டுபோகும் ஊர்களை வரிசையாகச் சொல்லுங்கள் என்று அவள் ஜெரோமிடம் கேட்பாள். அவனும் சொல்லுவான். திடீரென்று, சில நாள் ஒரு வார்த்தை முடியும் இடத்தில், சில நாள் வார்த்தையின் நடுவிலேயே நின்றுவிடுவான். வாய் பாதி திறந்திருக்கும். கண் மேலே செருகியதுபோல் கூரையைப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் தானாகத் தொடர்வான்.

"ஜெரோம் சார், ஏன் நடுவுல நிறுத்தினீங்க?"

"எங்க நிறுத்தினேன்?"

அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நித்யஸ்ரீக்கு அதுதான் பயம். யூனிஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட பேசும்போதும் இப்படி நின்னு நின்னு பேசுறாரா?"

யூனிஸ் நன்றாக யோசித்துப் பார்த்தாள். "இல்லியேம்மா. எங்கிட்ட கட கடன்னு பேசுறாரு. அப்டியெல்லாம் நிறுத்துனதே இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் கண்ணுக்கு இப்படிப்பட்டவை படாது என்று நித்யஸ்ரீ படித்திருந்தாள். டாக்டர் அனந்தகிருஷ்ணனிடம் சொன்னாள். தலையில் அடிபட்டவர்களுக்கு ஃபிட்ஸ் வெட்டி இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை; பேச்சு நின்று, கண் நிலைகுத்தி, அது நடந்ததே தெரியாமல் போகும் வகையும் உண்டு என்றார் அவர். தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அதில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று அர்த்தமில்லை என்று சொல்லி, ஆபரேஷனிலிருந்து கொடுத்துவந்த ஃபிட்ஸ் மாத்திரையைக் கூட்டினார். ஃபிட்ஸ் வரும் ஆளுக்குக் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு, அன்று இரவே ஒன்று வந்து மூச்சு அடைத்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

மாத்திரை ஜெரோமைத் தூங்கப் போட்டது. கூப்பிட்டால் கண் திறந்தான், திரும்ப மூடினான். இருமல் ஈனமாக வந்தது. சிவப்பு மூடி போட்ட கொஞ்ச நேரத்திலேயே தொண்டையில் சளி கடகடத்தது, விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண் சரிந்தது. மூடியைக் கழற்றினார்கள். இரண்டு முறை பார்த்துவிட்டு, மூடி போடுவதையே நிறுத்தினார்கள்.

"குழாயோடயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கலாம்க்கா" என்றாள் நித்யஸ்ரீ. "சளி எடுக்குற மெஷின் ஒண்ணு வீட்ல வச்சுக்கணும். எப்படி எடுக்கிறதுன்னு நான் சொல்லித் தர்றேன்."

"பயமெல்லாம் இல்லம்மா. நீங்க பண்றத டெய்லி பாத்துகினுதான் இருக்கேன். இப்பவே கொடுத்தா எடுத்துருவேன்." யூனிஸ் அவள் முகத்தையே பார்த்தாள். "ஆனா நான் அத்த கத்துக்கினேன்னா, கொழா அங்கியே இருந்துரும். எனக்கு அது வேணாம்."

குழாய் மட்டுமல்ல. ஃபிட்ஸ் என்று ஒருமுறை ஆகிவிட்டால் ஜெரோம் அதன் பிறகு லாரியின் படியில்கூட ஏற முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். லாரி இல்லாத ஜெரோமை அவளால் கற்பனை செய்ய முடிந்தது. அவனால் முடியாது.

டாக்டர் தாம்பரத்தில் இருக்கும் தன் கிளினிக்குக்கு வரச் சொன்னார். முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே, இரண்டாவது மாடி. சிறுசேரியில் வேலை பார்க்கும் சினேகா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நித்யஸ்ரீயும் வந்திருந்தாள். அந்த அறையில் ஏசியின் மெல்லிய காற்றைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

"வாயால சொன்னா உங்களுக்கு நம்பிக்கை வராது. நீங்களே பாருங்கம்மா" என்று டாக்டர், நித்யஸ்ரீயின் போனை மேசைமேல் சாய்த்து வைத்தார்.

மாத்திரை கூட்டுவதற்கு முன்னால் எடுத்த வீடியோ. ஜெரோம் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். "பொழிச்சலூர்" என்றான். "பம்மல். அனகாபுத்தூர். குன்ற..."

நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது. கண் மெதுவாக மேலே போனது.

சினேகா தன் அம்மாவின் கையைப் பிடித்தாள். யூனிஸ் திரையை நோக்கிக் குனிந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் பயந்தாள். பக்கத்தில் இருக்கும்போது தெரியாதது, சின்னத் திரையில் அப்பட்டமாகத் தெரிந்தது. இது அவள் புருஷன் முகம் இல்லை. யாரோ உள்ளே விளக்கை அணைத்துவிட்ட வீடு.

"...த்தூர்" என்றான் திரையில் இருந்தவன். "மாங்காடு."

"இப்ப தெரியுதா?" என்றார் டாக்டர். குரலில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது.

யூனிஸ் போனைத் தன் பக்கம் இழுத்தாள். மூச்சு அடைக்கிறதா, தொண்டையில் ஏதாவது கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. "இன்னொரு தபா போடுங்க சார். சத்தத்த நல்லா ஏத்துங்க."

ஏற்றினார்கள். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர்.

"மூச்சு நல்லாத்தான் சார் வருது" என்று ஆரம்பித்தாள் யூனிஸ். "அவருக்கு மூச்சுல ஒண்ணும்..."

குன்ற.

திரையில் ஜெரோம் பேச்சை நிறுத்தினான். மேசைக்கு இந்தப் பக்கம் யூனிஸும் நிறுத்தினாள். வாய் பாதி திறந்திருந்தது. போனிலிருந்து, யாரோ தூரத்து வீட்டில் மிக்ஸி ஓட்டுவதுபோல ஒரு முனகல் எழுந்து தேய்ந்தது.

"...கொறை இல்ல" என்று யூனிஸ் முடித்தாள். திரையில் "த்தூர்" என்றான் ஜெரோம்.

நித்யஸ்ரீ திரையைப் பார்க்கவில்லை. யூனிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. நீங்க ஏன் இப்ப நடுவுல நிறுத்தினீங்க?"

"எங்க நிறுத்தினேன்?"

சினேகாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, திரும்பச் சிரிப்பானது. "அம்மா, ப்ளேன்மா. ஐயோ, ப்ளேன். வீட்லேருந்து ஆபீஸ் கால் பேசும்போது என்னையும் இப்படித்தான் கேப்பாங்க, லைன்ல இருக்கியா, செத்துட்டியான்னு."

"ப்ளேன் சத்தமா அது? நான் பக்கத்து ரூம் மெஷின்னு நெனச்சேன்" என்றார் டாக்டர்.

"மையத்துக்கு மேல போகாது சார், ஓரமா போகும்" என்றாள் நித்யஸ்ரீ. "ஜன்னல் சாத்தியிருந்தா இவ்வளவுதான் கேக்கும். வந்த புதுசுல எனக்கும் கேட்டுது. இப்பல்லாம் காதுலயே விழறதில்ல."

"அவருக்கு விழும்" என்றாள் யூனிஸ். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நமக்கு கேக்கறதுக்கு முன்னாடியே அவருக்குக் கேட்டுரும். மேல பாக்கறாரு பாருங்க. எந்தக் கம்பெனின்னு பாக்கறாரு."

டாக்டர் அனந்தகிருஷ்ணன் வீடியோவை இன்னொரு முறை ஓட்டினார். பிறகு இன்னொரு முறை. "விட்ட எழுத்திலேருந்து எடுக்கிறார்" என்றார், பாதி தனக்கே. "ஃபிட்ஸ் வந்தவங்க அப்படி எடுக்க மாட்டாங்க. அங்கேதான் நான் யோசிச்சிருக்கணும்." ஆனால் அவர் நிதானமான ஆள். ஒரு விமானத்தை நம்பி மாத்திரையைக் குறைக்க மாட்டேன், நானே வந்து பார்க்க வேண்டும் என்றார்.

"வாங்க சார். காலைல வந்தீங்கன்னா ப்ளேனு நெறைய போவும்."

மறுநாள் காலை மையத்து வார்டுக்கு வந்தார். ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஜெரோம் தூக்கக் கலக்கத்தோடுதான் இருந்தான், ஆனாலும் ஒருவழி மூடியோடு உட்கார வைத்தார்கள். டாக்டர் பேச்சுக் கொடுத்தார். லாரிக்கு எத்தனை சக்கரம், கிளட்ச் எப்படி, எந்தத் தெரு மோசம். ஜெரோம் பதில் சொல்லிக்கொண்டே வந்தவன், "அந்தத் தெருவுல லாரிய ரிவர்ஸ்ல..." என்று நிறுத்தினான்.

டாக்டர் விடவில்லை. "ஜெரோம், நான் பேசறது கேக்குதா? என்னைப் பாருங்க. ஜெரோம்."

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். பக்கத்துக் கட்டிலில் மருமகனுக்கு இட்லி ஊட்டியபடி கதை சொல்லிக்கொண்டிருந்த அனகாபுத்தூர்க்காரர் கதையை நிறுத்தினார். வாசலில் நின்ற யூனிஸும் சும்மா இருந்தாள். அந்த அறையில் பேசிக்கொண்டிருந்தது டாக்டர் ஒருவர்தான். அவர் குரல் அவருக்கே விநோதமாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஜெரோம் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, டாக்டரைப் பார்த்து, உள்ளங்கையைக் காட்டினான். கொஞ்சம் இருங்க.

இரைச்சல் போனது. "...தான் எடுக்கணும் சார்" என்று முடித்தான் ஜெரோம். துடைப்பம் நகர்ந்தது. இட்லிக்காரர் கதையைத் தொடர்ந்தார்.

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எனக்கே கை காட்டுறார்" என்றார் நித்யஸ்ரீயிடம். "சரி. மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டு வருவோம். படிப்படியா. யாராவது அவசரப்படுத்தினா நான் ஒத்துக்க மாட்டேன்."

யாரும் அவசரப்படுத்தவில்லை. மாத்திரை இறங்க இறங்க ஜெரோம் தெளிந்தான். இருமல் திரும்ப வந்தது. லாரி பிரேக்கில் காற்று விடுவதுபோல ஒரே தள்ளாக சளியை வெளியே தள்ளினான். தள்ளிவிட்டு, எப்படி என்பதுபோல நித்யஸ்ரீயைப் பார்த்தான். சிவப்பு மூடி பகலில் நின்றது, பிறகு இரவிலும் நின்றது. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, தொண்டை தாராளமாகத் திறந்திருப்பதைப் பார்த்தார்கள். எண் சரியவே இல்லை.

குழாய் எடுக்கும் அன்று யூனிஸை வெளியே நிற்கச் சொன்னார்கள். "ஏம்மா, கல்யாணத்துக்கு மட்டும் பக்கத்துல நிக்கணும், இதுக்கு நிக்கக்கூடாதா" என்று கேட்டாள். நிற்கட்டும் என்றார் டாக்டர்.

இத்தனை மாதக் கவலைக்கு அது மிகச் சின்ன வேலையாக இருந்தது. நர்ஸ் கழுத்தைச் சுற்றியிருந்த நாடாவை வெட்டினாள். "மூச்சை இழுத்து விடுங்க" என்றாள். அவன் விட்டான். குழாய் வந்துவிட்டது. வளைந்த, யூனிஸின் சுண்டு விரலைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு பிளாஸ்டிக் துண்டு. அவன் ஒரு முறை இருமினான். துளையின் மேல் பஞ்சுத் துணி வைத்து ஒட்டினார்கள். துளை தானே மூடிக்கொள்ளும், அதுவரை பேசும்போதும் இருமும்போதும் இரண்டு விரலால் அங்கே அழுத்திக்கொள்ள வேண்டும் என்று நித்யஸ்ரீ செய்து காட்டினாள். எல்லோரும் விரல் கருவியின் எண்ணைப் பார்த்தார்கள். எண் அசையவில்லை.

ஜெரோம் இரண்டு விரலைக் கழுத்தில் வைத்தான்.

"அந்த..." என்றான்.

விமானம் வந்தது. அவன் நிறுத்தினான். யூனிஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதே சொல், அதே இடத்தில். அவளுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக, காத்திருப்பது காத்திருப்பதாகத் தெரிந்தது. நித்யஸ்ரீயும் ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடாமல் நின்றாள்.

"...கொழாவக் காட்டு, பாப்போம்" என்றான் ஜெரோம்.

நர்ஸ் தட்டை நீட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். "இவ்ளோதானா. நம்ம லாரி ஓஸ்ல பாதிகூட இல்ல."

யூனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் அருகே உட்கார்ந்தாள். "ஏங்க. அன்னிக்கி லாரி மேல நின்னுகினு, 'யூனிஸு, அந்த'ன்னீங்க. இன்னா அது?"

அவன் யோசித்தான். உண்மையாகவே தேடினான், கண் சுருங்கியது. "லாரி மேல ஏறுனதே ஞாபகம் இல்லியே."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே." கொஞ்ச நேரம் கழித்து, விரலை அழுத்திக்கொண்டு சொன்னான்: "அந்த வஞ்சிரத்த வறுத்துரு, கொழம்புல போடாதன்னு சொல்லியிருப்பேன். அந்த நேரத்துல வேற இன்னாத்த சொல்லப் போறேன்."

"அன்னிக்கி வூட்ல சாம்பாரு."

"அப்ப வுயுந்ததே நல்லது."

அவன் சிரிக்க, சிரிப்பு இருமலாக, நித்யஸ்ரீ "விரல், விரல்" என்று ஓடிவந்தாள். யூனிஸுக்குள் இத்தனை நாள் கிடந்த அந்தச் சொல்லுக்கு ஒரு வஞ்சிர மீன் கிடைத்துவிட்டது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் போன் அடித்தது. தோத்தாத்ரி. ஜெரோம் விழுந்த நாளிலிருந்து அவர் போன் செய்தால் முதலில் அவனைப் பற்றித்தான் கேட்பார், பிறகுதான், அவள் வேறு லாரிகளில் அனுப்பிவைக்கும் தண்ணீரை.

"எப்படி இருக்கார் இன்னிக்கு?"

"அவரையே கேளுங்க சார்" என்று போனை ஜெரோமின் காதில் வைத்தாள்.

ஜெரோம் கழுத்தில் விரலை வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சார், வணக்கம். லோடு வந்துகினே கீது. இன்னும்..."

அவன் கண் மேலே போனது. யூனிஸ் போனைப் பிடித்தபடி இருந்தாள். அந்தப் பக்கம் தோத்தாத்ரியின் மூச்சு கேட்டது.

"ஏரோப்ளேன்தானே" என்றார் அவர். "போகட்டும் ஜெரோம். நான் லைன்ல இருக்கேன்."